குணத்துக்கு மார்க்கு

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே தூறல், குளிர்காத்து. உத்தனப்பள்ளி கால்நடை மருந்தகம் போய்ச் சேர்றதுக்குள்ள சேலை நுனியெல்லாம் சேறு. சினை ஊசி, மடி நோய், வழக்கமானதுதான். நாகப்பாவோட பசுவுக்கு நஞ்சுக்கொடி விழலை. அவர் தெலுங்குல கவலைப்பட, நான் தமிழ்ல தைரியம் சொல்ல, மாடு பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நின்னது.

மத்தியானம் லீவு. ஓசூர் வந்து பையன் ரூமைக் காலி பண்ணினேன் (அவன் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்). வாங்கினது: ஓட்ஸ், வாழைப்பழம், கொசுவத்தி, தண்ணி கேன்.

அண்ணனும் மதுவும் சாயங்காலம் வந்தாங்க. பிளைட்ல வந்ததை விட அத்திப்பள்ளி டிராஃபிக்ல நின்னதுதான் களைப்புன்னான் அண்ணன். அண்ணிக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கலையாம். அண்ணன் நியூஜெர்சி போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மது அங்கேயே பிறந்தவள். போன தடவை என் இடுப்பளவு. இப்போ நான்தான் அண்ணாந்து பார்க்கணும். “அத்தை”ன்னு கட்டிக்கிட்டாள். சாப்பிடலை. படுத்துட்டாள்.

பன்னிரண்டாவது முடிச்சிருக்காள். பெரிய யுனிவர்சிட்டிகளுக்கெல்லாம் அப்ளை பண்ணி எல்லாத்துலயும் இல்லைன்னுட்டாங்க. ஒண்ணுல மட்டும் காத்திருக்கச் சொல்லி, அப்புறம் அதுவும் இல்லை. அவங்க ஊர் ஸ்டேட் யுனிவர்சிட்டியில இடம் இருக்கு. அதைப் பத்தி அண்ணன் பேசறதே இல்லை. யாராவது பேச்செடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கிறான்.

ஜூலை 5, சனி

கொஞ்சம் வெயில். துணி காயறதுக்குள்ள மறுபடி மேகம்.

ராத்திரி சாப்பாட்டுல அண்ணன் கொட்டித் தீர்த்துட்டான். மது மாடிக்குப் போன பிறகு.

“இவளை விட மார்க் கம்மியா எடுத்த பசங்க உள்ளே போயிருக்காங்க பாப்பா. இவ வெளியே. ஏன்? நாம ஏசியன். இந்தியா, சைனா, கொரியான்னா எல்லாரும் ஒரே அச்சுன்னு நினைப்பு.”

“அதான் இனம் பார்க்கக் கூடாதுன்னு அங்க கோர்ட்ல சொல்லிட்டாங்களே?”

“சொன்னாங்க. நான் ஸ்வீட் வாங்கிக் குடுத்தேன் எங்க பேரண்ட்ஸ் குரூப்புக்கு. அந்தக் கேஸுக்காகத் தட்டி பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான், மழையில. ஃபாரத்துல இனம் கேக்கற கட்டத்தை மறைச்சுட்டாங்க. பேரை எங்க மறைக்கறது? அப்பா அம்மா எந்த ஊர்ல படிச்சாங்கன்னு வேற கேக்கறாங்க.”

அப்புறம் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிடுச்சு. அங்க யுனிவர்சிட்டியில படிப்புக்கு ஒரு மதிப்பெண், குணத்துக்குன்னு தனியா ஒண்ணு. நம்ம பிள்ளைங்களுக்குப் படிப்புல நல்லா போடுவாங்களாம், குணத்துல குறைச்சுடுவாங்களாம். அமைதியான பெண், உழைப்பாளின்னு எழுதுவாங்களாம். அதோட முடிஞ்சது.

இவர் (விருதுநகர்க்காரர், பதினைஞ்சு வருஷமா ஓசூர் கம்பெனியில இருந்தும் ஊர்ப் பேச்சு போகலை) கையைக் கழுவிட்டு வந்து கேட்டார்: “ஆளையே பாக்காம குணத்துக்கு மார்க்கு போடுறாகளா மச்சான்?”

“ஆமா மாப்ளே. ஆளையே பார்க்காம.”

நியாயமே இல்லைன்னு எனக்கும் கோபம் வந்தது. மதுவை மூணு நாளா பார்க்கிறேன். அமைதிதான். ஆனா நேத்து கேஸ்காரன் சிலிண்டரைத் தூக்கி எறிஞ்சப்போ ஓடிப்போய் அவன்கிட்ட தப்புத் தப்பான தமிழ்ல சண்டை போட்டாளே, அதுக்கு என்ன மார்க்கு?

ஜூலை 6, ஞாயிறு

மட்டன். மதுவுக்குப் பருப்பு சாதம் (வெஜிடேரியனாம், அண்ணன் சொல்லவே இல்லை).

மத்தியானம் அண்ணன் லேப்டாப்ல கலிபோர்னியா அம்மா ஒருத்தங்க. காலேஜ் கன்சல்டன்ட். இந்த வருஷம் சும்மா இருந்துட்டு அடுத்த வருஷம் மதுவை மறுபடி அப்ளை பண்ண வைக்கிறதுதான் திட்டம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். மதுவும் பக்கத்துல உட்கார்ந்திருந்தாள், நகத்தைப் பார்த்துக்கிட்டு.

அந்தம்மா சொன்னது, எனக்குப் புரிஞ்ச வரை: அப்ளிகேஷன்ல இருந்து பரதநாட்டியத்தை எடுத்துடுங்க. ரோபோட்டை எடுத்துடுங்க. கணக்குப் போட்டி மெடலைக் கீழே போடுங்க. இந்தியப் பிள்ளைங்க எல்லாருக்கும் அதேதான். இனத்தைக் கேட்கத்தான் கூடாது, அதனால பட்ட கஷ்டத்தைப் பிள்ளையே எழுதினா அவங்க படிக்கலாம். உங்க குடும்பத்துல ஏதாவது போராட்டம் உண்டா?

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “வீ ஆர் ஃப்ரம் எ பேக்வர்டு கம்யூனிட்டி.”

நான் அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். அண்ணன் வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலம் ஆச்சு! கல்யாணப் பேச்சுல கூட சொல்ல மாட்டான்.

செவ்வாய்க்கிழமை ஊத்தங்கரைப் பக்கம் எங்க ஊருக்குப் போகணுமாம். போட்டோ, பேட்டி. எனக்கு லீவு போடச் சொன்னான். அப்புறம் மெதுவா, “பாப்பா, காலேஜ்ல உனக்கு நடந்ததே, அதை மதுகிட்ட நீயே சொன்னா நல்லா இருக்கும்.”

எதைச் சொல்றான்னு தெரிஞ்சது. பார்க்கலாம்னேன்.

இவர்கிட்ட கூட நான் அதைச் சொன்னதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஊத்தங்கரை போய் வந்தோம். கிருஷ்ணகிரி தாண்டினதும் மழையே இல்லை, காய்ஞ்ச காத்து. கால் வீங்கிப் போச்சு.

எங்க வீடு இப்போ சித்தப்பா பையன் குமார்கிட்ட. கான்க்ரீட், முன்னாடி முழுக்க டைல்ஸ், மேலே சோலார். நாங்க இருந்த பழைய ஓட்டு வீடு இப்போ பின்னாடி மாட்டுக் கொட்டாய். அண்ணன் மதுவைக் கொட்டாய் முன்னாடி நிறுத்திப் போட்டோ எடுத்தான். குமாருக்குக் கோபம் வந்துடுச்சு.

“இன்னாப்பா, அவ்ளோ தூரத்துல இருந்து வந்து சாணி முன்னாடி நிக்க வைக்கறே? இந்தப் பக்கம் வாம்மா, டைல்ஸ் முன்னாடி நில்லு.”

மதுவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வந்ததிலிருந்து இன்னைக்குத்தான் பல் தெரிஞ்சது. டைல்ஸ் முன்னாடி போய் நின்னாள். எருமை ஒண்ணுக்கு வயிறு உப்பியிருந்தது, அதைப் பார்த்துட்டு வந்தேன்.

குமார் பொண்ணு சௌமியாவுக்கும் மது வயசுதான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்காள். ரெண்டு பேரும் கட்டில்ல உட்கார்ந்து பேசினதைக் கேட்டேன்.

“நீ என்ன எழுதணும்?”

“எங்க எழுதணும்? பரீட்சையா? அது முடிஞ்சுது.”

“இல்ல, காலேஜுக்கு. உன்னைப் பத்தி.”

“என்னைப் பத்தி எதுக்கு? மார்க்கு இருக்கு, கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் இருக்கு. எம்.பி.சி. ரேங்க் வரும், கூப்பிடுவாங்க. அவ்ளோதான்.”

“நீ நல்லவளான்னு கேக்க மாட்டாங்களா?”

“கேட்டா சண்டை போடுவேன்.”

மது மறுபடி சிரிச்சாள். குமார் டீயை வெச்சுட்டு, ரொம்ப சாதாரணமா, “உங்கப்பனும் அந்த சர்ட்டிபிகேட்ல தானேம்மா போனான். தாலுக்கா ஆபீசுக்கு நான்தான் சைக்கிள் மிதிச்சேன். ஓப்பன்ல அவனுக்குக் கிடைச்சிருக்காது, கொஞ்சத்துல போயிருக்கும்”னான்.

மது அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் டீயைப் பார்த்தான்.

திரும்பி வரும்போது பர்கூர்கிட்ட பஞ்சர். இவர் போன் பண்ணினார், கரண்ட் இல்லைன்னு.

ஜூலை 9, புதன்

கோமாரி தடுப்பூசி முகாம். லேட்டாகிடும்னு தெரிஞ்சும் வீட்டை விட்டுக் கிளம்ப முடியலை. காலையில தோசை வார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஆரம்பிச்சுட்டாங்க. மதுவோட தமிழை அப்படியே எழுத வராது, பாதி இங்கிலீஷ். அர்த்தம் இதுதான்.

“அப்பா, நீங்க கோட்டாவுல படிச்சீங்களா?”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

“நம்ம ஜனத்தைத் தலைமுறை தலைமுறையா பள்ளிக்கூடத்துப் பக்கமே விடலை. எங்க தாத்தாவுக்குக் கையெழுத்து போடத் தெரியாது. குடுத்தாங்க, வாங்கினேன். அது என் உரிமை.”

“அங்க கறுப்புக்காரங்களை விட்டாங்களா?”

“விடலை. அது தப்பு. ஆனா நானா பண்ணினேன் அதை? பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேத்து வந்தவன் நான். அந்தக் கணக்கை என் பொண்ணு ஏன் தீர்க்கணும்?”

மது தோசையைப் பிச்சாள். “உங்களால சீட்டு போன பையனும் இதையே சொல்லியிருப்பான்ல? நானா பண்ணினேன்னு.”

அண்ணன் எழுந்துட்டான். அவள் விடலை. கெய்லான்னு அவளுக்குச் சின்ன வயசுலருந்து ஒரு சினேகிதி, கறுப்பினப் பெண். மதுவுக்கு இல்லைன்னு சொன்ன ஒரு யுனிவர்சிட்டியில கெய்லாவுக்குக் கிடைச்சுது. சொல்றதுக்காக வீட்டுக்கு ஓடி வந்தாளாம். அண்ணன் சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு, “உனக்குக் கிடைக்கும்னு எனக்குத் தெரியும்”னானாம். வாழ்த்து சொல்லலை.

“அவ இப்ப வர்றதே இல்லைப்பா. நீங்க தட்டி பிடிச்சீங்க, நான் ஃப்ரெண்டை விட்டுட்டேன். சீட்டும் வரலை.”

அண்ணன் குடை எடுக்காமலே வெளியே போயிட்டான். தூறல்தான்.

அப்பா சொன்னது, பொண்ணு சொன்னது, ரெண்டுமே எனக்குச் சரியாத்தான் பட்டது. நாள் பூரா ஊசி போட்டுக்கிட்டே இதையேதான் யோசிச்சேன். என் உதவியாளர் மாதையன், “என்னங்க மேடம், போட்ட மாட்டுக்கே மறுபடி போடறீங்க”ன்னு கையைப் பிடிச்சார்.

ஜூலை 11, வெள்ளி

மது இன்னைக்கு என்னோட உத்தனப்பள்ளி வந்தாள். அவளே கேட்டாள். அப்பாவும் பொண்ணும் ரெண்டு நாளா பேசிக்கலை, வீட்ல இருக்கப் பிடிக்கலை போல.

தக்காளி வண்டிங்க ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு வரிசையா போய்க்கிட்டிருந்தது. வழி கிடைக்கலை. அந்த நெரிசல்ல, ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்துக்கிட்டே, “அத்தை, ஒண்ணு காட்டணும்”னாள்.

மருந்தகத்துல கூட்டம் குறைஞ்ச பிறகு போனைக் குடுத்தாள். கட்டுரை. கலிபோர்னியா அம்மா சாம்பிளுக்கு எழுதி அனுப்பினது, மது பேர்ல. அண்ணன் எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிட்டான். நான் பார்க்கலாம்னு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அதுல முதல் வரியிலேயே நான். என் கை மாட்டுக்குள்ள.

நடந்தது இதுதான். காலேஜ்ல சினை பார்க்கிற வகுப்பு. தோள் வரைக்கும் கையுறை, கை மாட்டுக்குள்ள. பின்னாடி நின்ன ஒருத்தன், “கோட்டா டாக்டருங்க. மாடு செத்தா நஷ்டஈடு கேக்கக் கூடாது”ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. வாத்தியாரும்.

கட்டுரையில இது நல்ல இங்கிலீஷ்ல இருந்தது. மாட்டோட சூடு கூட இருந்தது. கடைசியில நான் அந்தக் கொட்டாய்லயே நின்னு அழறேன். அந்தக் கண்ணீர்தான் மதுவை மருத்துவம் படிக்கத் தூண்டுதாம்.

ரெண்டு தடவை படிச்சேன். என் துணியை யாரோ எடுத்து உடுத்திக்கிட்டு என் முன்னாடியே வந்து நின்ன மாதிரி.

“நல்லா எழுதியிருக்காங்க. ஆனா நான் அழலை.”

“அப்ப என்ன செஞ்சீங்க?”

“சிரிச்சேன்.”

“ஏன் அத்தை?”

“எல்லாரும் சிரிச்சாங்க. கையை வெளியே எடுக்க முடியாது. வேற என்ன பண்றது?”

அவள் போனை வாங்கிப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாள். எனக்கு ஆறுதல்னு ஒண்ணும் சொல்லலை. அது பிடிச்சிருந்தது. கொஞ்சம் கழிச்சு, “எனக்கு மெடிசினே வேணாம் அத்தை. நான் மேப் படிக்கணும். ஜியாகிரஃபி. அதை யாருமே கேக்கலை. நீங்க சிரிச்சது உங்களோடது. இதை நான் அனுப்ப மாட்டேன்.”

அப்பாகிட்ட சொல்லும்போது நீங்க பக்கத்துல இருக்கணும்னாள். சரின்னேன். பேச மாட்டேன், இருக்க மட்டும்தான் செய்வேன்னேன்.

ஜூலை 12, சனி

மது சொல்லிட்டாள். மறுபடி அப்ளை பண்ணப் போறதில்லை. ஆகஸ்ட்ல ஸ்டேட் யுனிவர்சிட்டி. அந்தக் கட்டுரையை அழிச்சாச்சு. சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டாள்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். “நீதானே சொல்லிக் குடுத்தே?”

பேச மாட்டேன்னுதான் இருந்தேன். “என்னைக் கேக்காம என் விஷயத்தைக் குடுத்துட்டியே அண்ணா. அந்தம்மா யாரு? என் பேர் தெரியுமா அவங்களுக்கு?”

“பொய்யா சொன்னேன்? நடந்ததைத்தானே சொன்னேன்?”

“நான் அங்க அழலை.”

“அழுதே பாப்பா! எஸ்.டி.டி. பூத்துல இருந்து எனக்குப் போன் பண்ணி எப்படி அழுதே! மீட்டர் ஓடுது, நீ பேசவே இல்லை, அழறே. நான் மேன்ஷன்ல மாடிப்படியில நின்னுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாம… அதை எப்படி மறப்பேன்?”

எனக்கு அப்போதான் ஞாபகம் வந்தது. ஆமா. அழுதேன்.

“உன்கிட்டதான் அழுதேன் அண்ணா. அவங்க முன்னாடி சிரிச்சேன். உன்கிட்ட அழுததைத்தான் நீ வெளியே குடுத்துட்டே.”

அவன் உட்கார்ந்துட்டான். இவர் மெல்ல டிவியை நிறுத்திட்டு வெளியே போனார்.

அப்புறம் அண்ணன் பேசினதை எழுதி வெச்சுக்கணும்னு தோணுது. “ஆபீஸ்ல வருஷா வருஷம் என்னைப் பத்தி எழுதுவாங்க. ஹார்ட் வொர்க்கிங். க்வைட். டிபெண்டபிள். எனக்குக் கீழ சேர்ந்தவன் இப்ப எனக்கு மேனேஜர். அவன் நல்லா ஜோக் அடிப்பான். மதுவுக்கு இல்லைன்னு வந்தப்போ எனக்கு அவ முகமே தெரியலை பாப்பா. ஆபீஸ்ல என்னைப் பத்தி எழுதின பேப்பர்தான் தெரிஞ்சது.”

“அவளுக்கு மேப் படிக்கணுமாம், தெரியுமா?”

“மேப்பா?”

தெரியலை அவனுக்கு.

ஜூலை 15, செவ்வாய்

கிளம்பிட்டாங்க. ஏர்போர்ட் வரைக்கும் போனேன். பேக் பண்ணினது: நிலக்கடலை, புளி, கேழ்வரகு மாவு, மதுவுக்கு ரெண்டு சுடிதார். வண்டி ஓட்டுறவர் வழி முழுக்க கன்னடப் பாட்டு.

அப்பாவும் பொண்ணும் பேசிக்கிறாங்க. பாஸ்போர்ட் எங்க, சார்ஜர் எங்க, அந்த அளவுக்கு.

உள்ளே போறதுக்கு முன்னாடி அண்ணன் என்னைத் தனியா கூப்பிட்டான். “நான் மாறலை பாப்பா. நம்ம பிள்ளைங்களுக்கு அங்க நடக்கறது தப்புதான்.”

“தப்புதான். ஆளைப் பார்க்காம குணத்துக்கு மார்க்கு போடறது யார் பண்ணினாலும் தப்பு.”

“அப்ப நமக்குக் கிடைச்சது?”

“அது சரிதான் அண்ணா. கிடைக்கலைன்னா நான் இன்னைக்குக் களை வெட்டிக்கிட்டிருப்பேன்.”

“ரெண்டும் எப்படிச் சரியா இருக்க முடியும்?”

தெரியலைன்னேன். என் கதையை வெளியே சொன்னதுக்கு மன்னிச்சுடுன்னு அவன் கேக்கலை. என் கைப்பையை வாங்கி, அதுல கிழிஞ்சு தொங்கின வாரை முடிச்சுப் போட்டுக் குடுத்துட்டுப் போனான்.

மது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயும் கை ஆட்டிக்கிட்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இடையில எழுதவே இல்லை. முகாம், ஆடிட், பையன் காய்ச்சலோட வந்து போனான். இன்னைக்கு மழை விட்டிருக்கு. மாவு அரைச்சாச்சு.

குமார் போன். சௌமியாவுக்கு சேலத்துல சீட்டு. எலக்ட்ரானிக்ஸ். “பஸ் பாஸ் எடுக்கணும், ஹாஸ்டல் வேணாம்கறா”ன்னு ஒரே சத்தம். பின்னாடி அவள் கத்தறதும் கேட்டது.

மது ரெண்டு வாரம் முன்னாடி ஒரு படம் அனுப்பியிருந்தாள். கெய்லா வீட்டு வாசல், ரெண்டு பேரும். மது கண் சிவந்திருக்கு, கெய்லா வேற எங்கேயோ பார்க்கிறாள். கீழே ஒண்ணும் எழுதலை.

இன்னைக்கு அவளை ஹாஸ்டல்ல விடுற நாள். ராத்திரி லேட்டா அண்ணி கூப்பிட்டாங்க, அங்க மத்தியானம். பெட்டியெல்லாம் அண்ணனே மூணாவது மாடிக்குத் தூக்கினானாம், யாரையும் தொட விடலையாம். ரூம்ல சுவர் பூரா அவள் மேப் ஒட்டினாளாம். பிடிச்சு ஒட்டினது அண்ணன்தானாம், ஓரம் கோணலா இருக்குன்னு ரெண்டு தடவை பிச்சு மறுபடி ஒட்டினானாம். அப்புறம் போயிட்டு வர்றேன்னு சொல்லி இறங்கி வந்தாங்களாம்.

“உங்க அண்ணன் வண்டியில ஏறி உட்கார்ந்தவர்தான். ஸ்டார்ட் பண்ணவே மாட்டேங்கறார். பார்க்கிங் எல்லாம் காலியாகிடுச்சு. நீங்க கொஞ்சம் பேசறீங்களா?”

இருக்கட்டும் அண்ணி, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்னேன்.